63-வது நிமிடம்

ஸ்ரெச்கோ கட்டானெட்ஸ் என்று சொன்னால் கால்பந்து பார்க்கும் என் நண்பர்களில் பலருக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான்: 2002 உலகக் கோப்பையில் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து அழுத ஸ்லோவேனியாவின் கோச். கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும். பெரிய ஆட்டக்காரரைக் கையாளத் தெரியாதவர், அவ்வளவுதான். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அது எனக்குச் செரித்ததில்லை. 2025 ஜூன் 5-ஆம் தேதி அபுதாபியில் கோல் ஏதும் விழாத ஓர் ஆட்டத்தோடு உஸ்பெகிஸ்தான் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த அணியை மூன்று வருடத்துக்கு மேல் வளர்த்தவர் கட்டானெட்ஸ். அன்று இரவு நான் படித்த செய்திகளில் அவர் பெயர் ஏதாவது ஒரு மூலையில்தான் இருந்தது. இந்த மனிதரைப் பற்றி யாராவது நிதானமாகப் பேச வேண்டும் என்று அப்போது தோன்றியது. சரி, நானே பேசிவிடுகிறேன்.

அழுததைப் பற்றிப் பேசுமுன் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். ஆட்டக்காரராக அவர் வாழ்ந்த வாழ்க்கை தெரியாமல் அந்தக் கண்ணீர் புரியாது.

ஜெனோவாவில் ஒரு உழைப்பாளி

1963-இல் லுப்லியானாவில் பிறந்தவர். சொந்த ஊரின் ஒலிம்பியாவில் தொடங்கி, டினமோ ஸாக்ரெப், பிறகு பெல்கிரேடின் பார்ட்டிஸான். ஒரு ஸ்லோவேனியர் ஸாக்ரெபிலும் பெல்கிரேடிலும் ஆடுவது அன்றைய யுகோஸ்லாவியாவில் பெரிய விஷயம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய யுகோஸ்லாவிய அணியில் இருந்தார். பிறகு ஒரு சீசன் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். 1989-இல் அந்த அணி ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஈஎஃப்ஏ கோப்பையில் இறுதிப் போட்டி வரை போய் மரடோனாவின் நாப்போலியிடம் தோற்றது. அதே வருடம் இத்தாலியில் ஜெனோவா நகரத்தின் சம்ப்டோரியாவுக்குப் போனார். ஐந்து வருடம் அங்கேதான்.

அந்தச் சம்ப்டோரியாவைப் பற்றி யார் எழுதினாலும் வியாலியையும் மன்சினியையும் பற்றித்தான் எழுதுவார்கள். அதில் தப்பில்லை. கோல் அடித்தவர்கள் அவர்கள்தான். 1990-இல் கோப்பை வென்றவர்கள் கோப்பையின் (தங்கள் நாட்டுக் கோப்பையை வென்ற ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி) இறுதிப் போட்டியில் ஆண்டர்லெக்டுக்கு எதிராக வியாலி அடித்த இரண்டு கோல்கள்தான் கோப்பையைக் கொண்டுவந்தன. அடுத்த வருடம் சம்ப்டோரியா தன் வரலாற்றின் ஒரே லீக் பட்டத்தை வென்றது. அந்த அணியில் கட்டானெட்ஸின் வேலை வேறு. உயரமானவர், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், நடுக்களத்திலோ பின்வரிசையிலோ எங்கே நிறுத்தினாலும் குறை சொல்லாமல் நிற்பவர். மன்சினி பந்தை இழந்தால் ஓடிப்போய் மீட்கும் ஆட்களில் ஒருவர். 1992 மே மாதம் வெம்ப்ளியில் பார்சலோனாவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியிலும் ஆடினார். கூடுதல் நேரத்தில், 112-வது நிமிடத்தில், கூமன் அடித்த ஃப்ரீ கிக் அந்தக் கனவை முடித்தது.

அந்த அணிக்குக் கோச் வுயாதின் பொஷ்கோவ். செர்பியர். கிழவர் பேசினால் பத்திரிகைக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். பெனால்டி எப்போது பெனால்டி என்று கேட்டதற்கு, நடுவர் விசில் அடித்தால்தான் பெனால்டி என்று அவர் சொன்னதை இத்தாலியில் இன்றும் சொல்கிறார்கள். நட்சத்திரங்களைத் தாங்கிப் பிடிக்கும் கலை அவருக்குக் கைவந்திருந்தது. மன்சினிக்குக் கோபம் வந்தால் சிரித்துக் கடந்துவிடுவார். அணியில் யாருக்கு எவ்வளவு கயிறு விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அப்படிக் கயிறு விட்டதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? பின்னால் நின்று ஓடியவர்கள். கட்டானெட்ஸ் அந்தக் கோச்சிடம் கற்றது ஒரு விதமாகவும், அந்த அணியில் இருந்து அனுபவித்தது வேறு விதமாகவும் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஓடினவன் கோச் ஆனால் ஓடாதவனை எப்படிப் பார்ப்பான் என்பதுதான் இந்தக் கதை முழுக்க இருக்கும் கேள்வி.

இடையில் இன்னொன்றும் நடந்தது. சம்ப்டோரியா பட்டம் வென்றது 1991 மே 19. ஸ்லோவேனியா சுதந்திரம் அறிவித்தது அதே வருடம் ஜூன் 25. முந்தைய கோடையில்தான் யுகோஸ்லாவியச் சட்டையில் இத்தாலி உலகக் கோப்பையில் ஆடியிருந்தார். காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்ற அந்த அணியில் ஸ்லோவேனியர் அவர் ஒருவர்தான். யுகோஸ்லாவியாவுக்காக 31 ஆட்டங்கள் ஆடியவர், சொந்த நாடு பிறந்தபிறகு அதற்காக ஆட முடிந்தது ஐந்தே ஆட்டங்கள். ஸ்லோவேனியாவுக்காகச் செய்ய வேண்டியது மிச்சம் இருப்பதாக அவர் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

இருபது லட்சம் பேரின் அணி

1998 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஸ்லோவேனியா எட்டு ஆட்டங்களில் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. குழுவில் கடைசி இடம். பனிச்சறுக்கும் மலையேற்றமும்தான் அந்த நாட்டின் பெருமை, கால்பந்து அப்புறம்தான். சென்னை நகரத்தின் மக்கள்தொகையில் பாதிகூடத் தேறாத நாடு அது. 1998-இல் அந்த அணியை எடுத்தபோது கட்டானெட்ஸுக்கு வயது 35. கோச்சாக அனுபவம் என்று பார்த்தால் கொரிட்ஸா கிளப், இளையோர் அணி, அவ்வளவுதான். அடுத்த வருட நவம்பரில் அவர்கள் ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோ 2000-க்கான பிளே-ஆஃபில், அதாவது இரண்டு ஆட்டங்கள் கொண்ட கடைசித் தகுதி மோதலில், ஷெவ்சென்கோவின் உக்ரைனுக்கு எதிரே நின்றார்கள்.

லுப்லியானாவில் முதல் ஆட்டம். கட்டடக் கலைஞர் ப்ளெச்னிக் வடிவமைத்த பெஷிகிராட் என்ற சின்ன மைதானம். ஷெவ்சென்கோ முதலில் அடித்தார். இரண்டாம் பாதியில் ஸ்லோவேனியாவின் ஸஹோவிச் சமன் செய்தார். பிறகு 84-வது நிமிடம். உக்ரைன் கோல்கீப்பர் ஷொவ்கோவ்ஸ்கி பெனால்டி கட்டத்தை விட்டு வெளியே வந்து உதைத்த பந்து, ஏறத்தாழ நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மிலெங்கோ அச்சிமோவிச்சிடம் போனது. அவர் யோசிக்கவே இல்லை. அங்கிருந்தே தூக்கி அடித்தார். கீப்பர் பின்னால் ஓட ஓட, பந்து அவரைத் தாண்டிப் போய் வலைக்குள் விழுந்தது. கியெவ்வில் பனி கொட்டிக்கொண்டிருந்த இரண்டாவது ஆட்டத்தில் பாவ்லின் அடித்த கோலில் 1-1. ஸ்லோவேனியா யூரோவில் நுழைந்தது.

அங்கே முதல் ஆட்டம் யாரோடு? யுகோஸ்லாவியாவோடு. எதிர்ப் பெஞ்சில் யார்? பொஷ்கோவ். பெல்ஜியத்தின் ஷார்லெருவாவில் 2000 ஜூன் 13 அன்று நடந்த அந்த ஆட்டத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 57-வது நிமிடத்தில் ஸ்லோவேனியா 3-0 என்று முன்னால். ஸஹோவிச் இரண்டு, பாவ்லின் ஒன்று. மூன்றாவது கோலே மிஹாய்லோவிச் தன் பின்வரிசையில் தவறாகத் தள்ளிய பந்தை ஸஹோவிச் பிடுங்கி அடித்தது. சில நிமிடங்களில் மிஹாய்லோவிச்சுக்குச் சிவப்பு அட்டை. எதிரணியில் பத்துப் பேர், கையில் மூன்று கோல், மிச்சம் அரை மணி நேரம். அதற்குப் பிறகு 67, 70, 73. ஆறு நிமிட இடைவெளியில் மிலோஷெவிச், ட்ருலோவிச், மறுபடி மிலோஷெவிச். 3-3.

எல்லோரும் இதை ஒரு அழகான ட்ராவாக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கட்டானெட்ஸ் அணியின் குறையை முதலில் காட்டிய ஆட்டம். எதிராளி பெரியவனாக இருக்கும்வரை அவர்கள் இரும்பு. நெருக்கமாக நிற்பார்கள், ஓடுவார்கள், கிடைத்த ஒரு வாய்ப்பை விடமாட்டார்கள். ஆட்டம் தங்கள் கைக்கு வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது. பந்தைக் காலடியில் வைத்து, வேகத்தைக் குறைத்து, எதிராளியைச் சலிப்படைய வைக்கத் தெரிந்தவர் அந்த அணியில் ஒருவர்தான். அவர் பெயர் ஸ்லாட்கோ ஸஹோவிச்.

குவாங்ஜு

ஸஹோவிச் மரிபோர்க்காரர். லுப்லியானாவும் மரிபோரும் எல்லாவற்றிலும் போட்டி போடும் ஊர்கள், கால்பந்தில் இன்னும் அதிகம். போர்ட்டோ, ஒலிம்பியாக்கோஸ், வாலென்சியா, பென்ஃபிகா என்று ஆடியவர். தேசிய அணிக்காக 80 ஆட்டங்களில் 35 கோல். 2000-க்கும் 2002-க்கும் ஸ்லோவேனியாவைத் தூக்கிச் சென்ற தோள்களில் அவருடைய தோள்தான் பெரியது. இதை மறுப்பவர் நேர்மையாகப் பேசவில்லை. அதேசமயம், 2002 தகுதிச் சுற்றில் ரஷ்யா, யுகோஸ்லாவியா, ஸ்விட்சர்லாந்து இருந்த குழுவில் பத்து ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல், பிறகு ருமேனியாவையும் பிளே-ஆஃபில் 2-1, 1-1 என்று கடந்து வந்தது ஒரே ஆளின் வேலை இல்லை. லுப்லியானாவில் ருமேனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தது அச்சிமோவிச்சும் ஓஸ்டெர்ட்ஸும். புக்கரெஸ்டில் ருடோன்யா.

2002 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. நம் ஊரில் மாலை 5 மணி. கொரியாவின் குவாங்ஜுவில் ஸ்பெயினுக்கு எதிரே ஸ்லோவேனியாவின் முதல் உலகக் கோப்பை ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் ராவுல் அடித்துவிட்டார். 0-1. 63-வது நிமிடத்தில் பலகையில் ஸஹோவிச்சின் எண் தெரிந்தது. உள்ளே வந்தவர் அச்சிமோவிச். ஆட்டம் இன்னும் கைவிட்டுப் போகவில்லை, ஒரு கோல்தான் வித்தியாசம், நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை வெளியே எடுக்கிறார் கோச். அதன்பின் வலெரோன் ஒன்று அடித்தார், சிமிரோட்டிச் ஒன்றைத் திருப்பினார், கடைசியில் இயெர்ரோவின் பெனால்டி. 3-1.

உடை மாற்றும் அறையில் நடந்தது வெளியே வராமல் இருந்திருக்கலாம். வந்துவிட்டது. கட்டானெட்ஸைப் பார்த்து, ஆட்டக்காரனாகவும் நீ உருப்படவில்லை, கோச்சாகவும் உருப்படவில்லை என்ற பொருளில் ஸஹோவிச் கெட்ட வார்த்தையில் திட்டியதாகவும், உன்னையும் உன் வீட்டையும் உன் குடும்பத்தையும் என்னால் விலைக்கு வாங்க முடியும் என்றதாகவும் பத்திரிகைகள் எழுதின. அதன்பிறகுதான் அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பு. நடந்ததைப் பேச வந்த கட்டானெட்ஸ் பேச முடியாமல் அழுதார். உலகக் கோப்பை முடிந்ததும் விலகுகிறேன் என்றார். ஸஹோவிச் ஊருக்கு அனுப்பப்பட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கும் நண்பர்களுக்கும் தகராறு. "ஒரு கோச் இவ்வளவு மனசு உடையலாமா? வசைதானே, துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டாமா?" என்பார்கள். அந்த வசையில் என்ன இருந்தது என்று பாருங்கள். கோச்சின் முடிவு தப்பு என்று ஸஹோவிச் சொல்லவில்லை. உன் விலை என்ன, என் விலை என்ன என்றார். வியாலிக்கும் மன்சினிக்கும் பின்னால் ஓடிய ஒருவரிடம், நீ ஆட்டக்காரனாகவே ஒன்றுமில்லை என்றார். நான்கு வருடமாக அந்த அணியைக் கட்டிய அடிப்படையே, இங்கே எல்லோரும் ஒரே அளவு ஓடியாக வேண்டும், யாருக்கும் தனி விலை கிடையாது என்பதுதான். அந்த அடிப்படையை அணியின் நடுவில் நின்று உடைத்தார் ஸஹோவிச். அழாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அவரை ஊருக்கு அனுப்பியதும் சரிதான். அனுப்பாமல் இருந்திருந்தால் மற்ற 22 பேரின் முகத்தில் கட்டானெட்ஸ் எப்படி முழித்திருப்பார்?

அவர் தவறிய இடம் என்று நான் நினைப்பது வேறு. விலகுகிறேன் என்று அன்றைக்கே சொன்னதுதான் தவறு. இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவை வென்றிருந்தால் இரண்டாம் சுற்றின் கதவு திறந்தே இருந்திருக்கும். போகப்போகிறவர் என்று தெரிந்த கோச்சுக்காக யார் நெஞ்சைக் கொடுத்து ஓடுவார்கள்? டேகுவில் நான்காவது நிமிடத்திலேயே நொம்வேத்தே அடித்தார், அந்த ஒரு கோலில் ஆட்டம் போனது. கடைசியாகப் பராகுவே. 22-வது நிமிடத்தில் எதிரணியில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை, இடைவேளைக்கு முன் அச்சிமோவிச்சின் கோல், ஸ்லோவேனியா 1-0 முன்னால். மறுபடி பத்துப் பேருக்கு எதிரே, மறுபடி கையில் இருந்த ஆட்டம். குவேவாஸ், காம்போஸ், மறுபடி குவேவாஸ். 1-3. ஷார்லெருவாவில் பார்த்த அதே குறைதான், இந்த முறை பந்தைக் காலடியில் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் விமானம் ஏறிப் போயிருந்தார். மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, பூஜ்ஜியம் புள்ளி.

பொஷ்கோவாக இருந்தால் ஸஹோவிச்சை 63-வது நிமிடத்தில் எடுத்திருக்கமாட்டார் என்று ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். எடுத்திருந்தாலும் தோளில் கை போட்டு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். கட்டானெட்ஸுக்கு அது வராது. ஆனால் பொஷ்கோவுக்குக் கீழே ஒரு கட்டானெட்ஸ் இருந்தார். ஓடுவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் தயாரான, உலகத் தரமான ஆட்கள் பொஷ்கோவிடம் இருந்தார்கள். இருபது லட்சம் பேர் உள்ள நாட்டில் ஒரு ஆள் நடந்துபோனால் அந்த ஓட்டையை அடைக்க வேறு ஆள் கிடையாது.

அதற்குப் பிறகு

ஒலிம்பியாக்கோஸில் கொஞ்ச காலம். 2006-இல் மாசிடோனியா. அந்த வருட அக்டோபரில் ஓல்ட் ட்ராஃபோர்டில் இங்கிலாந்தை 0-0 என்று நிறுத்தினார். அடுத்த வருடம் தலைநகர் ஸ்கோப்யேவில் குரோவேஷியாவை 2-0 என்று வென்றது அந்த அணி. பிறகு 2009-இல், கேப்டன் கோரான் பாண்டெவோடு உரசல், விலகல். நாட்டின் மிகப் பெரிய ஆட்டக்காரரோடு மறுபடியும் அதே சண்டை. அவருக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான சாட்சி இதுதான், இதை நான் மறைக்க விரும்பவில்லை. குவாங்ஜுவில் ஸஹோவிச்சின் வாயைக் குறை சொல்லலாம், ஸ்கோப்யேவுக்கு அந்தச் சமாதானம் போதாது. விட்டுக்கொடுக்கத் தெரியாத பிடிவாதம் அந்த மனிதருக்குள் இருந்தது.

அமீரகத்தின் கோச்சாக 2011 ஜூலையில் தில்லி அம்பேத்கர் மைதானத்துக்கும் வந்து போனார். முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றிருந்த இந்தியா அங்கே 2-2 என்று சமன் செய்தது. சில வாரங்களில் அமீரகத்தில் அவர் வேலை போனது. 2013-இல் மறுபடி ஸ்லோவேனியா. யூரோ 2016-க்கான பிளே-ஆஃபில் மறுபடி அதே உக்ரைன். லிவிவ்வில் 0-2. மரிபோரில் கேப்டன் ட்செஸார் சீக்கிரமே கோல் அடித்து நம்பிக்கை கொடுத்தார், கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் யர்மோலென்கோ சமன் செய்தார். அச்சிமோவிச்சின் அந்தக் கோல் ஒரு தடவைதான் கிடைக்கும் போலிருக்கிறது. இடையில் 2010-இல் மத்யாஷ் கெக் ஸ்லோவேனியாவை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோய் அல்ஜீரியாவை வென்று முதல் வெற்றியையும் எடுத்திருந்தார். கெக் கட்டிய அணியில் ஸஹோவிச் போல ஒருவர் இல்லை. அது கெக்குக்கு நிம்மதியாகவே இருந்திருக்கும்.

ஈராக் காலத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2019 இறுதியில் நாடு முழுக்கப் போராட்டம். சொந்த மண்ணில் ஆட முடியாமல் ஈராக்கின் ஆட்டம் ஜோர்டானின் அம்மானுக்கு மாற்றப்பட்டது. நவம்பர் 14-ஆம் தேதி அங்கே ஈரானை 2-1 என்று, கடைசி நிமிடக் கோலில் வென்றார்கள். நெருக்கமாக நிற்பது, ஓடுவது, ஒரு வாய்ப்புக்குக் காத்திருப்பது. பெஷிகிராடில் பார்த்த அதே அணி, வேறு சட்டையில்.

2021 ஆகஸ்டில் உஸ்பெகிஸ்தான். கத்தாரில் 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவை 3-0 என்று வென்றது அவருடைய அணிதான், மூன்றும் முதல் பாதியிலேயே. வழக்கமான கட்டானெட்ஸ் அணி இல்லை அது. ஃபைஸுல்லாயெவ் என்ற சின்னப் பையன் நான்காவது நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்டதும் மற்றவர்கள் பதுங்கவில்லை, மேலே மேலே வந்தார்கள். மூன்று கோல் கையில் இருக்க, இரண்டாம் பாதி முழுக்க ஒன்றையும் திருப்பித் தரவில்லை. அந்தத் தொடரில் காலிறுதியில் கத்தாரிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள். அறுபது வயதில், ஆட்டம் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஓர் அணியை அவர் உருவாக்கியிருந்தார். பின்னால் மான்செஸ்டர் சிட்டிக்குப் போன குசானோவ் தேசிய அணிக்குள் வந்ததும் இவர் காலத்தில்தான்.

2025 ஜனவரியில் உடல்நிலை காரணமாக விலகினார். உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்றில் ஆறு ஆட்டம் முடிந்திருந்தது, உஸ்பெகிஸ்தான் இரண்டாம் இடத்தில் இருந்தது. தைமூர் கபாட்சே பொறுப்பேற்று மிச்சத்தை முடித்தார். அவருடைய பங்கு சின்னது இல்லை. ஈரானோடு அதன் மண்ணிலேயே 2-2 எடுத்தார், நெருக்கடியான அந்தக் கடைசி ஆட்டங்களில் அணியைக் கலங்கவிடாமல் வைத்திருந்தார். அபுதாபியில் 0-0 முடிந்து தகுதி உறுதியான இரவில் உஸ்பெகிஸ்தானிடம் 18 புள்ளிகள் இருந்தன. அதில் 13, கட்டானெட்ஸ் விலகுமுன் எடுத்தவை.